சுங்கவேலியும் பினாங்குத் தீவும்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பண்டங்கள் குவிந்து கிடந்த முற்றத்தைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் தம் பட்டினப்பாலையில் காட்டுகிறார். கடலினின்று கரையேறும் பொதிகளும் கரையினின்று கடலேறும் பொதிகளும் அங்கே அளவின்றிக் கிடக்கின்றன. சுங்கம் கொள்வோர் சோர்வின்றிப் பணியாற்றுகின்றனர். சோழனது புலி இலச்சினை பொதிகளின்மேல் பொறிக்கப்படுகிறது. முற்றத்திற்குக் கடுங்காவலும் உண்டு. தமிழாசிரியர் பலரும் இப்பகுதியைச் சோழநாட்டு வளத்திற்குச் சான்றாகவே வகுப்பில் எடுத்துரைப்பது வழக்கம். வளத்தோடு ஒரு நிர்வாக முறையும் அவ்வடிகளில் பதிவாகியுள்ளது. பொதி அரசின் கணக்கில் ஏறிவிட்டது என்பதற்கு இலச்சினை அடையாளம். அரசின் கைக்கு எட்டிய இடத்திலேயே அது கிடக்கிறது என்பதற்கு முற்றமும் காவலும் அடையாளம். இலச்சினை, முற்றம், காவல் ஆகிய இம்மூன்றும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் கடந்தும் உலகச் சுங்கச் சட்டங்களில் அழியாது நிலவுகின்றன.

அப்பட்டினத்திற்கு வந்து குவிந்த செல்வங்களைப் புலவர் அடுக்கிக் கூறும் இடத்தில் காழகம் என்றொரு நாட்டின் பெயரும் வருகிறது. அதற்குக் கடாரம் என்று உரை வகுத்தார் நச்சினார்க்கினியர். அவ்வுரையைக் கொள்வோமாயின், இன்றைய கெடா மாநிலப் பகுதியிலிருந்து சென்ற பொதிகளின்மேலும் புலி இலச்சினை விழுந்திருத்தல் வேண்டும். அதே கெடாவின் சுல்தானுக்கு உரியதாயிருந்த ஒரு தீவு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், சுங்கமே இல்லாத துறைமுகம் என்னும் பெயரோடு வரலாற்றில் புகுந்தது. அத்தீவு பினாங்கு. அதன் கரையெங்கும் இல்லாதிருந்த சுங்கவேலி, 183 ஆண்டுகளுக்குப் பின் எவ்வாறு தோன்றியது, தோன்றிய பின் எங்கே நகர்ந்தது என்பது மலேசியப் பொருளாதார வரலாற்றில் தனியே ஆராயத்தக்க ஒரு பகுதியாகும்.

சுங்கத்தை அடியோடு நீக்குதல் பழந்தமிழர் அறியாத செய்தியன்று. 1070இல் அரியணை ஏறிய முதற் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று போற்றப்பட்டான். எந்தச் சுங்கத்தை, எவ்வளவு காலம் தவிர்த்தான் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும், ஒரு மன்னனின் அருஞ்செயல்கள் பலவற்றுள் இதனைத் தேர்ந்தெடுத்துப் பெயராகச் சூட்டினர் என்பதிலிருந்தே சுங்கத்தின் சுமை வணிகர் தோளை எத்துணை அழுத்தியது என்பது புலனாகும்.

அச்சுமையின் தன்மையை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். நாகப்பட்டினத்திலிருந்து ஆயிரம் வெள்ளி பெறுமான துணிப் பொதிகளோடு ஒரு வணிகர் வருகிறார் எனக் கொள்வோம். அத்துணியை அவர் இறங்கிய துறையில் விற்கப்போவதில்லை. சில மாதம் வைத்திருந்து, காற்றுத் திரும்பியதும் சுமத்திராவுக்கு அனுப்புவார். இறங்கிய துறையில் நூற்றுக்குப் பத்து வீதம் தீர்வை கேட்டால் நூறு வெள்ளியை உடனே கட்ட வேண்டும். கையில் பணமில்லையெனில் செட்டியாரிடம் வட்டிக்கு வாங்கிக் கட்ட வேண்டும். துணியோ அந்நாட்டில் எவர் உடம்பிலும் ஏறப்போவதில்லை. உண்ணாத சோற்றுக்கு விலை கொடுத்த கதையாக அது முடியும். அடுத்த ஆண்டு அவர் கப்பல் வேறு துறையை நாடிச் செல்லும். ஆகவே, பிற நாட்டுப் பண்டம் வந்து தங்கிச் செல்லும் துறைகளை ஆண்டோர் அனைவரும் இதற்கொரு வழி காண வேண்டியவராயினர்.

கண்ட வழிகள் மூன்று. முதலாவது, தீர்வையே வாங்காதிருத்தல். இரண்டாவது, வாங்கிய தீர்வையைப் பண்டம் மீண்டும் கப்பலேறும்போது திருப்பித் தருதல்; இதனைத் தீர்வை மீட்பு எனலாம். மூன்றாவது, தீர்வையைக் காத்திருக்க வைத்தல். பண்டத்தை அரசு ஒப்புக்கொண்ட கிடங்கில் பூட்டி வைத்து, அதற்கு வணிகர் பிணைச்சீட்டு எழுதித் தருவர். பண்டம் உள்நாட்டுச் சந்தைக்குச் சென்றால் அன்று தீர்வை. கடல் கடந்து சென்றால் தீர்வை இல்லை. இதுவே பிணைக்கிடங்கு முறை.

பின்னாளில் மலாயாவுக்குச் சட்டம் வகுத்த பிரிட்டன் இம்மூன்றையும் தன் நாட்டில் பட்டறிந்தே கற்றது. 1660ஆம் ஆண்டின் கப்பல் சட்டத்தின்படி வர்ஜீனியாப் புகையிலை பிற நாடுகளுக்கு நேரே செல்லலாகாது. ஆங்கிலேய ஆட்சிக்குட்பட்ட துறைக்கே வரவேண்டும். வந்ததில் பெரும்பகுதி மீண்டும் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியானதால் தீர்வை மீட்பு பெருந்தொகையாயிற்று. பெருந்தொகை புழங்கும் இடத்தில் சூதும் புகுந்தது. இறக்கும்போது எடை குறைந்தும் ஏற்றும்போது எடை கூடியும் புகையிலை நிறுக்கப்பட்டது. ஏற்றுமதி என்று எழுதிக் கொடுத்து மீட்புத் தொகையையும் பெற்றுக்கொண்ட கப்பல், மான் தீவில் சரக்கை இறக்க, அங்கிருந்து சிறு படகுகளில் அது திருட்டுத்தனமாக மீண்டும் இங்கிலாந்தின் கரைக்கே வந்து சேர்ந்தது. செலுத்தாத தீர்வையை அரசிடமிருந்து 'மீட்ட' வணிகரும் இருந்தனர். மான் தீவின் ஆட்சியுரிமையையே 1765இல் பிரிட்டிஷ் அரசு விலைகொடுத்து வாங்கியமைக்கு இக்கள்ளக் கடத்தல் முதன்மையான காரணம்.

முதலமைச்சராயிருந்த வால்போல் இக்கேட்டினைக் கண்டு, புகையிலைக்கும் மதுவுக்கும் பிணைக்கிடங்கு முறையைக் கொணர 1733இல் முயன்றார். ஏற்கெனவே தேயிலை, காப்பி ஆகியவற்றில் அம்முறை நற்பயன் தந்திருந்தது. ஆயினும், கிடங்கையும் கடையையும் சோதிக்க வரும் அதிகாரி நாளை வீட்டுக்குள்ளும் நுழைவான் என்னும் அச்சம் நாடெங்கும் மூட்டப்பட்டது. தெருவில் கூட்டம் திரண்டது. வால்போல் அதே ஆண்டு ஏப்ரலில் மசோதாவைக் கைவிட்டார். எதிர்த்தோரில் உண்மையாகவே உரிமைக்கு அஞ்சியோரும் உண்டு. பழைய சூதில் ஆதாயம் கண்டோரும் உண்டு. இருவரும் ஒரே முழக்கத்தை முழங்கினர் என்பதே அந்நிகழ்ச்சியின் விந்தை.

வால்போல் செய்ய இயலாததை எழுபது ஆண்டுகளுக்குப் பின் மதிற்சுவர்கள் செய்தன. 1802இல் திறக்கப்பட்ட லண்டன் மேற்கிந்தியக் கப்பல்துறை உயர்ந்த மதிலால் சூழப்பட்டது. கப்பலும் கிடங்கும் ஒரே மதிலுக்குள் அமைந்ததால், பண்டம் ஊருக்குள் நுழையாமலே தங்க முடிந்தது. 1803ஆம் ஆண்டின் கிடங்குச் சட்டம், குறித்த சில பண்டங்களைத் தீர்வை கட்டாமலே அத்தகைய கிடங்குகளில் வைக்க இடமளித்தது. கிடங்குக் கதவுக்கு இரண்டு பூட்டு: ஒன்று வணிகருடையது, மற்றொன்று அரசுடையது. இருவரும் ஒருங்கே வந்தாலன்றிக் கதவு திறவாது. இவ்விரட்டைப் பூட்டு ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளுக்கெல்லாம் பரவியது.

இடையே ஒரு செய்தி. தீர்வை மீட்பைப் பற்றித் தம் புகழ்பெற்ற பொருளியல் நூலில் ஓர் அதிகாரமே எழுதிய ஆடம் ஸ்மித், நூல் வெளிவந்த இரண்டாம் ஆண்டில், 1778இல், ஸ்காட்லாந்தின் சுங்க ஆணையராக நியமனம் பெற்றார். இறக்குமதி தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலை முதன்முறையாகப் படித்த அவர், தம் கழுத்துத் துணிகளும் கைக்குட்டைகளும் பெரும்பாலும் அப்பட்டியலில் இருப்பதைக் கண்டு திடுக்கிட்டு, அவற்றைத் தீயிலிட்டதாகத் தாமே ஒரு மடலில் எழுதியுள்ளார். சுங்கச் சட்டத்தை முழுதும் அறிந்தவர் அன்றும் அரியரே.

இனி பினாங்கு. 1786 ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கும்பினியின் பெயரால் அத்தீவை ஏற்றபோது அங்கே மதிலெழுப்பப் பணமுமில்லை. பூட்டுப் போடக் கிடங்குமில்லை. டச்சுக்காரர் ஆதிக்கத்திலிருந்த மலாக்காவை விட்டு வணிகரைத் தம்பால் இழுக்க வேண்டிய தேவையே முன்னின்றது. எனவே முதல் வழியே எளிதாயிற்று. எக்கொடி பறக்கும் கப்பலும் வரலாம், இறக்கலாம், ஏற்றலாம். சுலியா என்று வழங்கப்பட்ட சோழமண்டலக் கரை முஸ்லிம் வணிகர் நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் துறைகளிலிருந்து துணியும் பிறவும் கொணர்ந்து, பாக்கும் மிளகும் கொண்டு சென்றனர். சீனரும் பூகிஸ்காரரும் ஆச்சே நாட்டாரும் வந்து கூடினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்சிச் செலவை ஈடுகட்டச் சில தீர்வைகள் அங்கே புகுந்ததும், 1819இல் சிங்கப்பூர் தோன்றி வணிகத்தை ஈர்க்கத் தொடங்கிய பின் அவை நீங்கியதும் கவனிக்கத்தக்கவை. ராபிள்ஸ் சிங்கப்பூரை எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் சமமாகத் திறந்த, தீர்வையற்ற துறைமுகமாக அறிவித்தார். பக்கத்துத் துறை தீர்வை வாங்காதபோது தான் மட்டும் வாங்க எத்துறையாலும் இயலாது. 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்களாக ஒன்றிணைந்த பின்னர் தீர்வையின்மையே அவற்றின் பொது இயல்பாயிற்று.

தீர்வை இல்லையெனில் ஆட்சி எதைக்கொண்டு நடந்தது? பள்ளி வரலாற்று நூல்கள் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடும் வினா இது. அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றைக் குத்தகைக்கு விட்டு அரசு வருவாய் ஈட்டியது. சிங்கப்பூரில் 1820இல் பர்க்குவார் இக்குத்தகைகளைத் தொடங்கினார். சூதாட்டக் குத்தகை பின்னர் ஒழிந்தது. அபின் குத்தகை நின்று நீடித்தது. நீரிணைக் குடியேற்றங்களின் மொத்த வருவாயில் ஏறத்தாழப் பாதி, சில ஆண்டுகளில் பாதிக்கும் மேல், அபினிலிருந்தே வந்தது. துணிக்கும் மிளகுக்கும் கிடைத்த விலக்கின் செலவை, துறையில் மூட்டை சுமந்தும் ஈயக் குட்டையில் மண் வெட்டியும் களைத்த கூலியாளின் அபின் குழாய் ஏற்றது. தீர்வையற்ற துறைமுகத்தைப் பாராட்டுவோர் இக்கணக்கின் இப்பக்கத்தையும் படித்தல் வேண்டும்.

கல்கத்தாவிலிருந்து ஆண்டோர்க்கு இந்நிலை பிடிக்கவில்லை. துறைமுகக் கட்டணமேனும் விதிக்க அவர்கள் பன்முறை எண்ணினர். எண்ணிய போதெல்லாம் நீரிணைக் குடியேற்ற வணிகர் கொதித்தெழுந்தனர். 1867 ஏப்ரல் முதல் நாள் இக்குடியேற்றங்கள் இந்திய ஆட்சியினின்று பிரிந்து லண்டனின் நேரடி ஆட்சிக்குட்பட்டதற்கு அக்கொதிப்பும் ஒரு காரணம். 1910இல் சிங்கப்பூரில் அபின் விற்பனையை அரசே ஏற்றுத் தனியுரிமைத் துறை ஒன்றை அமைத்தது. பின்னாளைய சுங்கத்துறைக்கு வித்து அதுவே. மதுவுக்கும், 1916 முதல் புகையிலைக்கும் தீர்வை விதிக்கப்பட்டது. ஆகவே இருபதாம் நூற்றாண்டின் தீர்வையற்ற துறைமுகத்திலும் சில பண்டங்களுக்கு இரட்டைப் பூட்டுக் கிடங்கு தேவைப்பட்டது. ஆயினும் அரிசிக்கும் துணிக்கும் இரும்புக்கும் வாயில் திறந்தே கிடந்தது.

அவ்வாயிலை நம்பி வாழ்ந்த தமிழர் பலர். பினாங்கில் தோணிகளிலிருந்து சரக்கை இறக்கியவரும், மாட்டு வண்டியில் ஏற்றியவரும், பினாங்குத் தெருவிலும் மார்க்கெட் தெருவிலும் கடை வைத்தவரும், அக்கடைகளுக்குக் கடன் கொடுத்த நகரத்தாரும் அவ்வாயிலின் பிள்ளைகளே. கப்பல் வந்தால் கூலி, வாராவிடில் பட்டினி.

நாடு ஒன்றாகத் தொடங்கியபோதுதான் சிக்கல் முளைத்தது. 1948இல் மலாயாக் கூட்டரசு அமைந்தது. கூட்டரசின் ஏனைய பகுதிகள் ஒரே சுங்க எல்லைக்குள் அடங்கின. அதனை முதன்மைச் சுங்கப் பகுதி என்றனர். பினாங்குத் தீவு அவ்வெல்லைக்குப் புறத்தே நின்றது. அரசியலால் உள்நாடாகவும் சுங்கத்தால் வெளிநாடாகவும் ஒரே மண் இருந்த விந்தை அது. தீவிலிருந்து பெரியில் ஏறிப் பட்டர்வொர்த் கரையில் இறங்குவோர் சுங்கச் சோதனைக்கு உட்பட்டனர். உறவினர் வீட்டுக்குக் கொண்டு சென்ற புதுத் துணியும் கைக்கடிகாரமும் கேள்விக்கு இலக்காயின. நாளடைவில் தீர்வையின்மையை இழக்க நேரும் என்னும் அச்சம் தீவின் வணிகரிடையே வளர்ந்தது. 1948 டிசம்பரில் தொடங்கிய பினாங்குப் பிரிவினை இயக்கத்தில் ஐரோப்பியர், சீனர், இந்தியர் வணிகச் சங்கத்தார் சேர்ந்து நின்றமைக்கு இவ்வச்சம் ஒரு முதற்காரணம். 1949இல் குடியேற்ற மன்றத்தில் அவர்தம் தீர்மானம் தோற்றது. லண்டனுக்கு அனுப்பிய விண்ணப்பமும் 1951இல் தள்ளுபடியாயிற்று. தீர்வையின்மை மட்டும் அப்போதைக்கு எஞ்சியது.

எஞ்சிய அதுவே தீவைத் தளைக்கும் கயிறாக மாறிற்று என்பதே இவ்வரலாற்றின் திருப்பம். 1957இல் விடுதலை பெற்ற நாடு தொழில் வளர்க்க முனைந்தது. உள்நாட்டுத் தொழிற்சாலைகளைக் காக்க இறக்குமதிப் பண்டங்களின்மேல் தீர்வை ஏறியது. பெருநிலத்துத் தொழிற்சாலைக்கு அத்தீர்வை அரண். தீவில் ஒருவர் தொழிற்சாலை நிறுவினால், அவர் செய்த பொருள் பட்டர்வொர்த் கரையில் இறங்கும்போது வெளிநாட்டுப் பொருளாகவே கருதப்படும். தீர்வை கட்ட வேண்டும். தீவின் மக்களை மட்டும் நம்பித் தொழில் நடத்தவோ சந்தை போதாது. ஆகவே ஆலைகள் கடலின் மறுகரையில் மாக் மண்டின் தொழிற்பேட்டையை நாடின. தீவிலிருந்த இளைஞர் கடலைக் கடந்து வேலைக்குச் செல்லலாம். ஆலை கடலைக் கடந்து தீவுக்கு வாராது.

இதற்கிடையே பழைய வாணிபமும் தேய்ந்தது. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா நடத்திய எதிர்ப்பியக்கம் சுமத்திராவுடன் இருந்த வணிகத்தை முறித்தது. அங்கிருந்து வந்து கொண்டிருந்த ரப்பரும் மிளகும் நின்றன. தோணித்துறையில் கூலியாட்கள் கைகட்டி நின்றனர். 1963இல் உலக வங்கியின் சார்பில் ஜாக் ருயே தலைமையில் வந்த குழு, மலேசியா முழுமைக்கும் பொதுச் சந்தை ஒன்றை அமைக்கவும், இடைநிலை வாணிபம் கெடாதபடி காக்கவும் வழி கூறியது. சிங்கப்பூர் 1965 ஆகஸ்டு 9ஆம் நாள் பிரிந்ததால் அத்திட்டம் நிறைவேறாமற் போயிற்று. பினாங்கு பிரியவில்லை, ஆனால் நாட்டின் சந்தைக்குள் முழுதும் நுழையவும் இல்லை.

1969இல் பினாங்கின் தீர்வையற்ற நிலை நீக்கப்பட்டது. அவ்வாண்டின் பொதுத் தேர்தலில் மாநில ஆட்சியும் மாறி, டாக்டர் லிம் சொங் யூ முதலமைச்சரானார். அவர் கையில் கிடைத்த தீவில் வேலையில்லாதோர் விகிதம் நாட்டின் சராசரியை விட மிகவும் உயர்ந்திருந்தது. தீர்வையின்மையால் கிடைத்த கூலி போயிற்று. தீர்வைவேலிக்குள் வந்ததால் கிடைக்க வேண்டிய ஆலை இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில் சிக்கியவரில் துறைமுகத் தமிழரும் அடங்குவர். பினாங்கு மேம்பாட்டுக் கழகம் 1969இல் தோன்றியது. நாதன் நிறுவனத்தார் வகுத்த பெருந்திட்டம் ஏற்றுமதித் தொழிலை நோக்கித் திரும்புமாறு 1970இல் அறிவுறுத்தியது.

திரும்புவது எவ்வாறு? தீவு முழுவதற்கும் பழைய விலக்கை மீட்டுத் தருதல் இயலாது. அது நாட்டின் சுங்க ஒருமையைக் கெடுக்கும். வெளிநாட்டு மூலப்பொருளுக்குத் தீர்வை வாங்கினாலோ ஏற்றுமதி ஆலை வாராது. லண்டன் கப்பல்துறை கண்ட தீர்வு, சற்றே உருமாறி, பாயான் லெப்பாசின் வயல்வெளிக்கு வந்தது. 1971ஆம் ஆண்டின் சுதந்திர வாணிப வட்டாரச் சட்டம் அதற்கு வழிவகுத்தது. 1972இல் பாயான் லெப்பாசில் வேலியிட்ட வட்டாரம் எழுந்தது. சிலாங்கூரில் சுங்கைவே வட்டாரமும் அக்காலத்ததே. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972இல் பினாங்கில் நிறுவியது. நெல் விளைந்த நிலத்தில் மின்னணு உறுப்புகள் விளைந்தன.

அவ்வேலியின் உட்பொருளை மாணவர் தெளிதல் நன்று. சுங்கத்தைப் பொறுத்தவரை வேலிக்குள் இருக்கும் நிலம் நாட்டுக்குப் புறம்பானது. வானூர்தியில் வரும் சிலிக்கான் தகடும், அதனை இணைக்கும் தலைமயிரினும் மெல்லிய தங்க இழையும், ஆலைக்கு வேண்டிய எந்திரமும் தீர்வையின்றி உள்ளே செல்லும். பெண்கள் உருப்பெருக்கியின்மேல் குனிந்து அவற்றை இணைப்பர். முடிந்த பொருள் மீண்டும் வானூர்தியேறும். அதுவே வாயிலைக் கடந்து உள்நாட்டுக் கடைக்குச் சென்றால், அப்பொழுது இறக்குமதிப் பொருளாகிவிடும்; தீர்வை விழித்துக்கொள்ளும். உற்பத்தியில் 80 விழுக்காட்டிற்குக் குறையாமல் ஏற்றுமதி செய்தல் வேண்டும் என்பது பொதுவான நிபந்தனையாக இருந்தது.

இத்தகைய ஏற்பாட்டில் அதிகாரியின் கவனம் முடிந்த பொருளின்மேல் மட்டும் நிற்பதில்லை, கழிவின்மேலும் நிற்கும். நூறு பங்கு மூலப்பொருள் உள்ளே சென்று, தொண்ணூறு பங்கு பொருளாக வெளியேறினால், எஞ்சிய பத்துக்குக் கணக்கு எங்கே? அது பழுதாயிற்றா, தரையில் சிந்திற்றா, அன்றிப் பின்வாயில் வழியே ஊருக்குள் சென்றதா? தங்க இழையின் துணுக்கானால் இவ்வினாவுக்குப் பெறுமானம் கூடும். ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் எவ்வளவு மூலப்பொருள் செல்லும் என்னும் விகிதம் முன்னரே பதியப்பட்டது. கழிவைக் கொட்டவும் எரிக்கவும் இலாகாவின் அனுமதி வேண்டும்; உள்நாட்டில் விற்றால் அதற்கும் தீர்வை உண்டு. வர்ஜீனியாப் புகையிலையின் எடையில் நடந்த சூதிலிருந்து பிறந்த எச்சரிக்கை, இருநூற்றைம்பது ஆண்டு கடந்து, குப்பைத் தொட்டிவரை நீண்டது எனலாம்.

வேலிக்குள் இடங்கிடைக்காத ஆலைகளுக்கு 1967ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 65A பிரிவு உதவியது. உரிமம் பெற்ற ஆலை எங்கிருந்தாலும் அதன் சுவரே சுங்கவேலியாகும். ஆலை முழுவதும் ஒரு பிணைக்கிடங்கு. வெறும் சேமிப்புக்கு 65ஆம் பிரிவின் கிடங்குரிமம் உண்டு. தீர்வையைக் கட்டிவிட்ட பின் பண்டத்தை மீண்டும் அனுப்புவோர்க்கு 93ஆம் பிரிவு பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பித் தர வகைசெய்தது. மூலப்பொருளாகப் பயன்படுத்தி ஏற்றுமதி செய்வோர்க்கு 99ஆம் பிரிவு மீட்பு அளித்தது. துறைமுகத்தினின்று கிடங்குக்குத் தீர்வை கட்டாத பண்டம் செல்லும் வழியிலும் படிவமும் பிணையும் உடன் செல்லல் வேண்டும். இவ்வாறு பழைய மூன்று வழிகளும் ஒரே சட்டப் புத்தகத்தின் பக்கங்களில் அடுத்தடுத்து அமர்ந்தன.

பினாங்குக்கு இதனால் நன்மை விளைந்ததா எனின், விளைந்தது என்றே கூறுதல் வேண்டும். பத்தாண்டிற்குள் வேலையின்மை பெரிதும் தணிந்தது. சிற்றூர்களிலிருந்து வந்த மலாய்ப் பெண்களும், சீனப் பெண்களும், தமிழ்ப் பெண்களும் முதன்முறையாக மாதச் சம்பளத்தைத் தம் கையில் வாங்கினர். அதிகாலையிலும் நள்ளிரவிலும் ஆலைப் பேருந்துகள் அவர்களை ஏற்றி இறக்கின. அவர்கள் வாங்கிய ஊதியம் குறைவு என்பதும், தொழிற்சங்கம் அமைக்க அவர்களுக்கு நெடுங்காலம் தடையிருந்தது என்பதும் அந்நன்மையோடு சேர்த்து எழுதப்பட வேண்டியவை.

ஆனால் விலக்கின் இயல்பே மாறிவிட்டதைப் பலர் கருதுவதில்லை. 1786இன் விலக்கு இடத்திற்கு உரியது. கரையில் கால் வைத்த எவரும், ஒரே தோணிக்கு உரியவராயினும், அதை நுகரலாம். அவர் எவரிடமும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. 1972க்குப் பின் வந்த விலக்கு ஆளுக்கு உரியது. உரிமம் வேண்டும், அதற்கு வங்கி உத்தரவாதம் வேண்டும், வரவு செலவைத் துணுக்கும் விடாமல் எழுதும் கணக்கர் வேண்டும், தணிக்கைக்கு வரும் அதிகாரிக்குக் காட்டப் பல ஆண்டு ஏடுகள் வேண்டும். பேராலைக்கு இவை பொருட்டல்ல. மார்க்கெட் தெருவில் நான்கு பொதி இறக்குமதி செய்து இரண்டைச் சுமத்திராவுக்கு அனுப்பிய சிறு வணிகருக்கோ உத்தரவாதத் தொகையே முதலை விழுங்கிவிடும். அவர் தீர்வையைக் கட்டிவிட்டுப் பின்னர் மீட்புக்கு மனுப்போட்டுக் காத்திருக்கலாயினார். பலர் அத்தொழிலையே விட்டனர். முன்பு தீர்வை காத்திருக்க வணிகர் நடந்தார். பின்னர் வணிகர் காத்திருக்க வேண்டியதாயிற்று. நாட்டின் சுங்க ஒருமைக்கு அது கொடுக்கத்தக்க விலைதான் என்று வாதிடலாம். விலையே இல்லை என்று கூறலாகாது.

சிங்கப்பூரும் ஏறத்தாழ அதே வழியில் சென்றது. ஆனால் அதன் தேவை வேறு. உள்நாட்டுத் தொழிலைக் காக்க அறுபதுகளில் அது பல பண்டங்களுக்குத் தீர்வை விதித்தது. அதனால் இடைநிலை வாணிபம் கெடாதிருக்க 1966இல் சட்டம் இயற்றி, 1969இல் துறைமுகத்தை ஒட்டிச் சுதந்திர வாணிப வட்டாரங்களை அமைத்தது. பின்னர்ப் பெரும்பாலான தீர்வைகளை நீக்கி, மது, புகையிலை, பெட்ரோலியம், மோட்டார் வாகனம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. 1989இல் தொடங்கிய டிரேட்நெட் கணினி வலையால், நாள்கணக்கில் அலைந்து பெற்ற அனுமதிகள் நிமிடக் கணக்கில் கிட்டின. ஆயினும் 1994 ஏப்ரலில் பொருள் சேவை வரி வந்ததும் எல்லாப் பண்டமும் மீண்டும் வாயிலில் நிறுத்தப்பட்டது. ஏற்றுமதிக்காக வரும் பண்டத்தின்மேல் அவ்வரியைக் காத்திருக்க வைக்கப் புதிய திட்டங்களும் சிறப்புக் கிடங்குகளும் தோன்றின. பெயர் மாறினும் பழைய நூறு வெள்ளிக் கணக்குத்தான் அது.

மலேசியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 1990ஆம் ஆண்டின் சுதந்திர வட்டாரச் சட்டம் எடுத்துக்கொண்டு, வாணிப வட்டாரம், தொழில் வட்டாரம் என இருவகை வகுத்தது. தீவு முழுவதற்கும் விலக்கு என்னும் பழைய எண்ணமும் முற்றும் மறையவில்லை. 1987இல் லங்காவி தீர்வையற்ற தீவாக அறிவிக்கப்பட்டது. அதுவும் கெடாவுக்கு உரியதே. ஆனால் அங்கு விலக்கை நாடி வந்தோர் பெரும்பாலும் சுற்றுலாப் பயணியர்.

பண்டத்தைப் பூட்டி வைக்கும் இடத்தை மலாய்க்காரர் 'குடாங்' என்பர். ஆங்கிலத்தில் வழங்கும் 'கோடவுன்' என்னும் சொல் அதிலிருந்து பிறந்தது என்றும், குடாங் என்பதோ தமிழின் கிடங்கு, தெலுங்கின் கிட்டங்கி ஆகிய தென்னகச் சொற்களிலிருந்து வந்தது என்றும் மொழியறிஞர் பலர் கருதுவர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் தங்கித் தொழில் நடத்திய இல்லங்களும் கிட்டங்கி என்றே பெயர் பெற்றன. 65A பிரிவின்கீழ் உரிமம் பெற்ற ஆலைக்கு மலேசியச் சுங்க இலாகா வழங்கும் மலாய்ப் பெயர் 'குடாங் பெஙிலாஙான் பெர்லேசென்'. பாயான் லெப்பாசிலும் பிறாயிலும் அத்தகைய ஆலைக்கு விண்ணப்பிப்போர் எவராயினும், தம் விண்ணப்பத்தின் தலைப்பில் முதலில் எழுதுவது அச்சொல்லையே.